மலையில வானம் பார்க்கிற இரவுக்கு என்ன கொண்டு போகவேணும்?

கேள்வி: பெப்ரவரியில நுவரெலியாப் பக்கம் மலையில பொதுமக்களுக்கு வானம் காட்டினம். யாழ்ப்பாணத்தில இருந்து ரெண்டு பிள்ளையளோட போறம். தொலைநோக்கி வாங்கவேணுமோ?

பதில் 1: தேவையில்லை, அங்க வைச்சிருப்பினம். 7×50 பைனாகுலர் (7 மடங்கு பெருப்பிக்கிற, 50 மி.மீ. வில்லை உள்ளது) ஒண்டு இருந்தால் காணும். கவனிக்கவேண்டியது குளிர். 1,000 மீற்றர் ஏறினால் வெப்பநிலை கிட்டத்தட்ட 6.5 பாகை செல்சியஸ் குறையும். நுவரெலியா 1,868 மீற்றர், எங்கட ஊரை விட ஒரு 12 பாகை குறைவு. அசையாமல் நிண்டால் இன்னும் விறைக்கும். காதுமூடித் தொப்பி, ரெண்டு சோடி காலுறை, நிலத்தில விரிக்கப் படங்கு.

பதில் 2: குளிரை விட வெளிச்சம்தான் கெடுக்கும். கண் இருட்டுக்குப் பழக 20–30 நிமிசம் செல்லும். ஒருக்கா ஃபோன் திரையைப் பாத்தால் திரும்ப முதலிலயிருந்துதான். ரோச் லைற்றுக்குச் சிவப்புக் கண்ணாடித்தாளை மூண்டு மடிப்பாச் சுத்தி றப்பர் பாண்ட் போடுங்கோ. பிள்ளையளுக்கு லைற் மின்னுற சப்பாத்து வேண்டவே வேண்டாம்! தொலைநோக்கிக் குழாயைப் பிடிக்க விடாதேங்கோ, சின்னத் தட்டிலயே நட்சத்திரம் விலகிப்போகும். மூச்சுப்பட்டு வில்லை மங்கினால் துடைக்கக்கூடாது, கீறும். கொஞ்சம் விலகி நிண்டால் தானாத் தெளியும்.

பதில் 3: அமாவாசைக்குக் கிட்டின நாளோ எண்டு பாருங்கோ. இரவு 8 மணிபோல தெற்கில அடிவானத்தில இருந்து 30 பாகை உயரத்தில அகத்திய நட்சத்திரம் நிக்கும். ஒரியன் நெபுலா (ஒரியன் நட்சத்திரக் கூட்டத்தில இருக்கிற வாயு, தூசி முகில்) சாம்பல் பஞ்சு மாதிரித்தான் தெரியும், படத்தில வாற நிறம் கண்ணுக்கு வராது. பிள்ளையளுக்கு முதலே சொல்லிவையுங்கோ, ஏமாறமாட்டினம்.