கோதுமை, பால், வெங்காயம் நிறுத்தி ஆறு மாதம் ஆகிறது: திரும்பத் தொடங்கத்தான் வேண்டுமா?

பிச்சிப்பூ:
நான்கு வருடமாக மதியம் சாப்பிட்டு எழுந்தால் வயிறு பானை போல உப்பிவிடும். சாயங்காலம் வரை வலி, சில நாள் மூன்று தடவை கழிவறைக்கு ஓட வேண்டியிருக்கும். ஸ்கேனில் ஒன்றும் இல்லை, ஐபிஎஸ், அதாவது குடல் எரிச்சல் நோய் என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள், நான் என்ன சாப்பிடுகிறேன் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. போன தை மாதம் கோதுமை, பால், வெங்காயம், பூண்டு, துவரம்பருப்பு ஐந்தையும் ஒரே நாளில் நிறுத்தினேன். மூன்றாவது வாரம் உப்புசம் போய்விட்டது. இப்போது சோறு, மீன், முட்டை, ரசம், கத்தரிக்காய், கேரட், பால் இல்லாத காபி, அவ்வளவுதான். வீட்டில் பழையபடி சாப்பிடு என்கிறார்கள். குணமான பிறகு எதற்காக அந்த வலியை நானே திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும்?

மதுரை_டயட்டீஷியன்:
அக்கா, நீங்கள் செய்தது பாதிதான். சில உணவுகளை நிறுத்திப் பார்க்கிற இந்த லோ-ஃபாட்மேப் முறையை மெல்பர்னில் உள்ள மோனாஷ் பல்கலைக்கழகத்தில் உருவாக்கியவர்களே நிறுத்தி வைப்பதற்கு 2 முதல் 6 வாரம்தான் சொல்கிறார்கள். அதற்கப்புறம் ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துப் பார்ப்பதுதான் உண்மையான சோதனை. ஐந்தை ஒன்றாக நிறுத்தியதால் எது குற்றவாளி என்று உங்களுக்கு இன்னமும் தெரியாது, நான்கு பேர் சும்மா தண்டனை அனுபவிக்கிறார்கள். பால், தயிர், பருப்பு எதுவும் இல்லாமல் ஆறு மாதம் என்றால் கால்சியத்துக்கு என்ன வழி? குடலில் உள்ள நல்ல பாக்டீரியாவும் இப்படிச் சாப்பிட்டால் குறைகிறது.

இன்னொன்று. கோதுமை, வெங்காயம், பூண்டு மூன்றிலும் இருப்பது ஃபிரக்டான் என்ற ஒரே வகை மாவுச்சத்து. 2013-இல் மோனாஷில், கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதம் ஒத்துக்கொள்ளவில்லை என்று நம்பிய 37 பேரை எடுத்து, இந்த வகை மாவுச்சத்துகளைக் குறைத்துவிட்டு, அவர்களுக்குத் தெரியாமல் குளூட்டனை மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். குளூட்டனால் தனியாக எந்தக் கெடுதலும் தெரியவில்லை.

கருவேலம்:
எனக்கு இந்த முறையின் மேலேயே நம்பிக்கை இல்லை, கோபம்தான் இருக்கிறது. என் தங்கை மகனுக்கு ஏழு மாதத்தில் தோலில் கரப்பான். யாரோ சொல்லி ஐஜிஜி என்ற எதிர்ப்புப் பொருளைப் பார்க்கிற ஒரு இரத்தப் பரிசோதனை எடுத்தார்கள், நாற்பது பொருள் ஒத்துக்கொள்ளாது என்று அறிக்கை வந்தது. பால், முட்டை, வேர்க்கடலை எல்லாவற்றையும் நிறுத்தினார்கள். கரப்பான் போகவில்லை, பிள்ளை எடைதான் குறைந்தான். ஒன்றரை வயதில் முட்டை கொடுத்தபோது உடம்பெல்லாம் தடித்து வாந்தி எடுத்து, இரவோடு இரவாக ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஐஜிஜி என்பது அந்த உணவை நாம் சாப்பிட்டிருக்கிறோம் என்பதற்குத்தான் அடையாளம், அது நோய் இல்லை என்று அப்புறம்தான் ஒரு டாக்டர் விளக்கினார். லண்டனில் 4 முதல் 11 மாதக் குழந்தைகள் 640 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2015-இல் வெளிவந்தது. வேர்க்கடலையைச் சீக்கிரமே கொடுத்துப் பழக்கிய குழந்தைகளுக்குத்தான் அந்த ஒவ்வாமை மிகக் குறைவாக வந்தது. நிறுத்துவது பாதுகாப்பு என்று நினைப்பதே தப்பு.

பிச்சிப்பூ:
அண்ணா, பிள்ளைக்கு நடந்ததைப் படிக்கவே மனம் தாங்கவில்லை. ஆனால் அதையும் இதையும் ஒன்றாக்காதீர்கள். அது ஒவ்வாமை, கைக்குழந்தை. எனக்கு 43 வயது, தோல் தடிக்கவில்லை, மூச்சு முட்டவில்லை, வயிறு மட்டும்தான். நான் எந்தப் பரிசோதனைக்கும் பணம் கட்டவில்லை, ஒரு நோட்டுப் புத்தகம்தான் வைத்திருக்கிறேன். தினமும் என்ன சாப்பிட்டேன், எத்தனை மணிக்கு வலித்தது என்று எழுதியிருக்கிறேன். அதை நம்பிக்கை என்று தள்ளிவிட முடியாது.

கருவேலம்:
எழுதியதைச் சந்தேகப்படவில்லை. வலிக்கும் என்று பயந்துகொண்டே சாப்பிட்டால் உண்மையாகவே வலிக்கும், அதைச் சொல்கிறேன். தட்டில் என்ன இருக்கிறது என்று தெரிந்திருக்கும்வரை உங்கள் நோட்டுப் புத்தகத்தால் அதைப் பிரித்துக் காட்ட முடியாது. வீட்டில் வேறொருவர் ராகி தோசை மாவில் ஒரு வாரம் கோதுமை மாவு கலக்கட்டும், இன்னொரு வாரம் கலக்காமல் சுடட்டும், எது எந்த வாரம் என்று உங்களிடம் சொல்லக் கூடாது. அப்போதும் வித்தியாசம் தெரிந்தால் நான் ஒப்புக்கொள்கிறேன்.

மதுரை_டயட்டீஷியன்:
தோசை யோசனை நல்லதுதான், ஆனால் அதற்கு முன்னால் ஒன்று இருக்கிறது. கோதுமையை நிறுத்தும் முன்பே, குளூட்டனால் குடல் பாதிக்கப்படுகிற சீலியாக் நோய்க்கான டிடிஜி இரத்தப் பரிசோதனை எடுத்திருக்க வேண்டும். கோதுமை சாப்பிடாமல் எடுத்தால் நோய் இருந்தாலும் இல்லை என்று காட்டலாம். இனி எடுப்பதானால் குறைந்தது ஆறு வாரம் தினமும் கோதுமை சாப்பிட்டுவிட்டுத்தான் எடுக்க வேண்டும், அதை டாக்டரிடம் பேசிவிட்டுச் செய்யுங்கள். எடை குறைவது, மலத்தில் இரத்தம், இரத்தசோகை, தூக்கத்தைக் கலைக்கிற வலி, இதில் ஒன்று இருந்தாலும் சாப்பாட்டைச் சோதித்துக்கொண்டிருக்காமல் உடனே போய்விடுங்கள்.

அப்புறம், ரசத்துக்குப் பெருங்காயம் போடுகிறீர்களா? கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதாவோ கோதுமை மாவோ கலந்திருக்கும். டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். பூண்டு வாசனை வேண்டுமென்றால் நல்லெண்ணெயில் முழுப் பல்லாகப் போட்டு வதக்கிப் பல்லை எடுத்துவிடலாம், ஃபிரக்டான் எண்ணெயில் கரையாது.

பிச்சிப்பூ:
டப்பாவைப் பார்த்தேன். கோதுமை மாவு என்றே போட்டிருக்கிறது. ஆறு மாதமாகத் தினம் ரசத்தில் போட்டிருக்கிறேன், ஒன்றும் ஆகவில்லை.

மதுரை_டயட்டீஷியன்:
ஒரு சிட்டிகைதான், அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. ஆனால் சீலியாக் இருப்பவர்களுக்கு அந்தச் சிட்டிகையே அதிகம், அதனால் அந்தப் பரிசோதனையை விட்டுவிடாதீர்கள். கோதுமை பயமாக இருந்தால் பாலில் தொடங்குங்கள். முதல் நாள் கால் டம்ளர், மறுநாள் அரை, மூன்றாம் நாள் ஒன்று. பிறகு மூன்று நாள் சும்மா இருந்துவிட்டு அடுத்த பொருள். பால் செரிக்காதவர்கள்கூடப் பெரும்பாலும் ஒரு டம்ளர் தாங்குவார்கள், தயிர் இன்னும் எளிது.

கருவேலம்:
பக்கத்தில் ஒருவர் கவனிக்காமல் இதைத் தனியாகச் செய்யலாம் என்பதை நான் இன்னும் ஏற்கவில்லை. பிள்ளைகள் விஷயத்தில் வேண்டவே வேண்டாம்.

பிச்சிப்பூ:
பத்து நாள் கழித்து எழுதுகிறேன். பால் மூன்று நாளும் குடித்தேன், மூன்றாம் நாள் முழு டம்ளர், வயிறு அப்படியே இருந்தது. இன்று காலை ஆறு மாதத்துக்கு அப்புறம் பால் விட்ட காபி குடித்தபோது கண் கலங்கிவிட்டது. இவ்வளவு நாள் சும்மா விட்டிருக்கிறேன். கோதுமைக்கு அடுத்த வாரம் டாக்டரைப் பார்க்க நேரம் வாங்கியிருக்கிறேன். வெங்காயத்தை மட்டும் இப்போதைக்குத் தொட மாட்டேன், அதில் யார் சொன்னாலும் கேட்பதாக இல்லை.