விடுதிக் கடிதங்கள்: உங்களுக்கு நடந்தது உண்டா?

பழைய இண்டர்
1953. இண்டர்மீடியட் (பள்ளிக்கும் பட்டப் படிப்புக்கும் நடுவே அப்போது இருந்த இரண்டு வருடப் படிப்பு) முதல் வருடம், சென்னையில் ஒரு பெண்கள் கல்லூரி. பெயர் வேண்டாம். விடுதிக்கு வரும் கடிதங்களை வார்டன் முதலில் பார்த்த பிறகுதான் எங்களிடம் கொடுப்பார்கள், இங்கே இருப்பவர்களுக்குத் தெரிந்ததுதான். சேரும்போது அப்பா எழுதிக் கொடுத்த பட்டியலில் உள்ளவர்கள்தான் எழுதலாம், வந்து பார்க்கலாம்.

ஒருநாள் சாயங்காலம் வார்டன் கூப்பிட்டனுப்பினார். மேஜையில் ஒரு தபால் கார்டு. “யார் இந்த ஆண்பிள்ளை?” என்று இங்கிலீஷில் கேட்டார். அவருக்குத் தமிழ் எழுத்துக் கூட்டத்தான் வரும். அனுப்பியவர் பெயரை மட்டும் கூட்டியிருக்கிறார். என் சித்தப்பா மகன், பட்டியலில் இல்லாதவன். கார்டின் ஓரங்களில் கறுப்பு மை தடவியிருந்தது. அப்பாயி போய் ஒன்பது நாள் ஆகியிருந்தது.

இழவுக் கடிதத்தை யார் வைத்துக்கொள்வார்கள்? நின்ற இடத்திலேயே நான்காகக் கிழித்தேன். சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். தடயத்தை அழிக்கிறேன் என்று நினைத்துவிட்டார். இங்கிலீஷ் பேப்பரில் வகுப்பிலேயே முதல் மார்க் எனக்கு. பாட்டி செத்துப்போனாள் என்று சொல்ல அன்று ஒரு வாக்கியம் வரவில்லை. பதினாறாம் நாளுக்கும் போகவில்லை.

வைகைக்கரை
என்னுடையது கடிதம் இல்லை, மை. 1959, மதுரையில் ஆண்கள் நிறைந்த ஒரு கல்லூரி, பி.எஸ்ஸி. பௌதிகம். நாங்கள் ஆறு பெண்கள். பெண்கள் அறையில் காத்திருந்து, பேராசிரியர் வந்ததும் அவர் பின்னாலேயே வரிசையாக வகுப்புக்குள் போவோம், அவர் பின்னாலேயே வெளியே வருவோம். முன் பெஞ்சு எங்களுக்கு. அன்று என் பக்கத்தில் இருந்தவளின் முதுகில், தோளிலிருந்து இடுப்பு வரை சாய்வாக, நீலப் பொட்டுகள். பின்னாலிருந்து யாரோ பேனாவை உதறியிருக்கிறான். வெளிர் மஞ்சள் வாயில் துணிச் சேலை. அவளிடம் இருந்ததே மூன்று. நான் பார்த்தேன். சொன்னால் எழுந்து ஓடுவாள், பின் பெஞ்சு சிரிக்கும் என்று வாயை மூடிக்கொண்டேன். பஸ்ஸில் வீடு வரை அப்படியே போனாள். இன்றைக்கும் அவளுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும் என்று.

நாகலிங்கம்
முதல் பதிவு எழுதிய அம்மாவுக்கு: வார்டன்களைக் குறை சொல்வது சுலபம். 1949-இல் எங்கள் அத்தையைத் திருச்சிக்குப் படிக்க அனுப்பத் தாத்தா சம்மதித்ததே, ‘அங்கே கடிதத்தைக்கூடப் பிரித்துப் பார்த்துவிடுவார்கள்’ என்று யாரோ சொன்ன பிறகுதான். அத்தை பட்டம் வாங்கினார், சான்றிதழைக் கரையான் தின்றுவிட்டது. அதனால் சொல்கிறேன். பழைய சான்றிதழ் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து லாமினேட் செய்யாதீர்கள், பின்னால் பிரிக்கவே முடியாது. காகித உறையில் மடிக்காமல் வையுங்கள். தொலைந்திருந்தால் மதுரைக்கு அலைய வேண்டாம்: மதுரைப் பல்கலைக்கழகம் 1966-இல்தான் வந்தது. அதற்கு முன் மதுரை, நெல்லைக் கல்லூரிகள் எல்லாம் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ்தான். பரீட்சை எழுதிய வருடம், மாதம், கல்லூரிப் பெயர் மூன்றையும் குறித்துக்கொண்டு போங்கள். சான்றிதழில் தகப்பனார் இனிஷியல், ஆதாரில் கணவர் இனிஷியல் என்று இருந்தால் அதை முதலில் சரிசெய்யுங்கள்.

வைகைக்கரை அவர்களுக்கு ஒரு சந்தேகம்: அப்போது மதுரையிலேயே லேடி டோக் (1948), பாத்திமா (1953) இரண்டு பெண்கள் கல்லூரிகள் இருந்தனவே?

வைகைக்கரை
இருந்தன, ஐயா. என் அப்பாவுக்குத் தெரிந்த பேராசிரியர் இந்தக் கல்லூரியில் இருந்தார், அவ்வளவுதான். ‘தெரிந்த கண்’ ஒன்று இருக்க வேண்டுமாம். அந்தக் கண் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

பழைய இண்டர்
நாகலிங்கம் தம்பி, என் சான்றிதழ் பத்திரமாக இருக்கிறது. உங்கள் தாத்தா சம்மதித்ததும் உண்மையாகத்தான் இருக்கும், என் அப்பாவும் அப்படித்தான். அதற்காக ஒன்பது நாளா?

ஒன்றை எழுத விட்டுவிட்டேன். கிழித்த நான்கு துண்டுகளையும் வார்டன் என் கையிலிருந்து வாங்கி டிராயரில் வைத்துப் பூட்டினார். வருடக் கடைசியில், பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது, ஒரு உறையைக் கொண்டுவந்து கொடுத்தார். உள்ளே அதே கார்டு. பசை போட்டு ஒழுங்காக ஒட்டியிருந்தார். யாரிடமாவது கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேட்டிருப்பாரோ என்னவோ, ஒன்றும் பேசவில்லை.

ரயில் தாம்பரம் தாண்டியதும் மறுபடியும் கிழித்து ஜன்னலுக்கு வெளியே விட்டேன்.