ஒபாமா பதவியேற்பு, 2009: அன்று கூட்டத்தில் நின்றவர்கள் யாராவது?

ஊதாச் சீட்டு:
சீட்டு இருந்தும் பலர் சுரங்கப்பாதையில் மாட்டிக்கொண்ட கதை தெரிந்ததுதான், நீட்டவில்லை. என்னிடம் இருந்தது விழாவுக்கான ஊதா நிற அனுமதிச் சீட்டு. விடியும் முன்பே மூன்றாம் தெருச் சுரங்கப்பாதைக்குள் வரிசை. ஒழுங்குபடுத்த ஓர் ஆள் கிடையாது. ஒருவழியாக வெளியே வந்து வாசலை நெருங்கினால் கதவை அடைத்துவிட்டார்கள்.

என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு கறுப்பினப் பாட்டி நின்றார், எண்பது வயது இருக்கும். பக்கத்தில் ஒரு பையன் காதில் ரேடியோ மாட்டியிருந்தான். நண்பகல் தாண்டியதும், "எடுத்துட்டார், உறுதிமொழி எடுத்துட்டார்" என்று கத்தினான். யார் யாரையோ கட்டிக்கொண்டு அழுதார்கள். பாட்டி மட்டும் என் பக்கம் திரும்பி, "முழுப் பெயரையும் சொன்னாரா?" என்று கேட்டார். ஹுசைன் என்ற அந்த நடுப்பெயரை வைத்துத் தேர்தல் சமயத்தில் என்னென்ன பேசினார்கள் என்று உங்களுக்கு நினைவிருக்கும். எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை. பையனைக் கேட்டிருக்கலாம், கைக்கெட்டும் தூரம்தான். கேட்காமல் "சொன்னார்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை பிடிபடவில்லை.

கடைசி வரிசை:
சீட்டை நம்பிப் போனதுதான் தப்பு நண்பரே. நேஷனல் மால் புல்வெளியை முழு நீளத்துக்கும் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது அந்தத் தடவைதான் முதன்முதலாக. சீட்டே இல்லாத நாங்கள் வாஷிங்டன் நினைவுத் தூண் பக்கம் நின்று ராட்சதத் திரையில் எல்லாவற்றையும் பார்த்தோம். பெயரைச் சொன்னார். உறுதிமொழியைச் சொல்லிக்கொடுத்த தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் முடிப்பதற்குள் ஒபாமா அவசரப்பட்டு ஒரு முறை ஆரம்பித்து நிறுத்தி, மறுபடி முழுதாகச் சொன்னார். நீங்கள் சொன்னது பொய்யே இல்லை, விடுங்கள்.

எனக்கு உறுத்துவது வேறு. பதவி முடிந்த புஷ் கிளம்பிய ஹெலிகாப்டர் மேலே போனபோது கூட்டம் வழியனுப்புப் பாட்டுப் பாடிக் கேலி செய்தது. நானும் கத்தினேன். பக்கத்தில் ராணுவத் தொப்பி போட்ட ஒருவர் ஒரு வார்த்தை பேசாமல் சல்யூட் வைத்தபடி, அது மறையும் வரை நின்றார். உயர்த்திய கையை நான் பாதியில் இறக்கினேன். அவர் என்னைப் பார்க்கக்கூட இல்லை.

இன்னொன்று, ராபர்ட்ஸ் உறுதிமொழியில் ஒரு வார்த்தையை இடம் மாற்றிச் சொன்னதால் அன்று ஒபாமா ஜனாதிபதியே ஆகவில்லை. மறுநாள் வெள்ளை மாளிகையில் இரண்டாம் முறை எடுத்த பிறகுதான் ஆனார்.

இரட்டைக் கையுறை:
நான் மெட்ரோவிலேயே மாட்டிக்கொண்டேன். அன்று மட்டும் 11 லட்சத்துக்கும் மேல் பயணங்களாம். மகளைத் தோளில் தூக்கியபடி ஒபாமாவின் குரலை மட்டும் கேட்டேன், முகம் பார்க்கவில்லை. அவ்வளவுதான் என் கதை.

ஆனால் இனி போகிறவர்களுக்குச் சொல்கிறேன். மைனஸ் இரண்டு டிகிரிதானே என்று நினைக்காதீர்கள், ஐந்தாறு மணி நேரம் அசையாமல் நிற்கும்போது குளிர் காலிலிருந்துதான் ஏறும். ஷூவுக்குள் செய்தித்தாளை மடித்து வையுங்கள், இரண்டு ஜோடி சாக்ஸ் போட்டு இறுக்காதீர்கள், ரத்தம் ஓடாது. கூட்டத்தில் போன் எடுக்காது, அதனால் பிரிந்தால் எங்கே சேர்வது என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள், அதுவும் மெட்ரோ வாசல் வேண்டாம், எல்லோரும் அங்கேதான் வருவார்கள். பிள்ளையின் உள்சட்டைப் பையில் போன் எண் எழுதி வையுங்கள். தள்ளுவண்டியை உள்ளே விட மாட்டார்கள். தண்ணீர் குறைவாகக் குடியுங்கள், காரணம் சொல்ல வேண்டியதில்லை. அப்புறம், முடிந்தவுடன் கிளம்பாதீர்கள், ஒரு மணி நேரம் பொறுங்கள்.

கேட்பொலி:
கடைசி வரிசைக்கு: தவறு. அரசியலமைப்பின் 20ஆவது திருத்தப்படி ஜனவரி 20 நண்பகலில் பழையவரின் காலம் தானாக முடிந்து புதியவருடையது தொடங்கிவிடும். பன்னிரண்டு அடித்தபோது வயலின் கலைஞர் பெர்ல்மனும் செல்லோ கலைஞர் யோ-யோ மாவும் வாசித்துக்கொண்டிருந்தார்கள், ஒபாமா உட்கார்ந்தபடியே ஜனாதிபதி ஆகிவிட்டார். இரண்டாம் உறுதிமொழி எந்தச் சந்தேகமும் வரக்கூடாது என்பதற்காக.

அந்த வாசிப்புக்கு நான் அழுதேன். குளிரில் சுருதி நிற்காது என்று, முன்னாடியே பதிவு செய்ததைத்தான் ஒலிபரப்பினார்கள் என்று அப்புறம் பேப்பரில் படித்தேன். அழுத கண்ணீரை என்ன கணக்கில் வைப்பது?

கடைசி வரிசை:
சட்டம் சரி. கையை பைபிளில் வைக்காமல் எப்படி ஜனாதிபதி?

கேட்பொலி:
இரண்டாம் முறை பைபிளே இல்லை ஐயா.

ஊதாச் சீட்டு:
அக்கா, செய்தித்தாள் யோசனைக்கு நன்றி, கொஞ்சம் தாமதம். கடைசி வரிசை, அன்றிரவு டிவியில் நானும் பார்த்தேன், சொன்னார்தான். ஆனால் பாட்டிக்குப் பதில் சொன்னபோது எனக்குத் தெரியாதே. அவர் சீட்டை நான்காக மடித்துக் கையுறைக்குள் சொருகிக்கொண்டார். பிறகு அந்த ரேடியோப் பையன் பக்கம் திரும்பி, அதே கேள்வியை அவனிடமும் கேட்டார்.