அதிருமலை முகாமில் இரவு தங்கியவர்களின் உதவி வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். களியக்காவிளையில் வசிக்கும் நானும் என் சித்தியும் வரும் மலையேற்றப் பருவத்தில் கேரளத்திலுள்ள அகத்தியர்கூடம் மலைக்குச் செல்ல எண்ணியிருக்கிறோம். கேரள வனத்துறையிடம் அனுமதி பெற்று, விதுரை வழியாகப் போணக்காடு சென்று, அங்கிருந்து நாள் முழுவதும் காட்டுவழி நடந்து அதிருமலை முகாமில் தங்கி, மறுநாள் 1,868 மீட்டர் உயர உச்சிக்கு ஏறுவதே திட்டம். 2019 முதல் பெண்களும் உச்சிவரை அனுமதிக்கப்படுவதால் சித்தியின் நெடுநாள் வேண்டுதல் கைகூடும் போலிருக்கிறது.

எங்கள் கவலையெல்லாம் அந்த இரவைப் பற்றியதே. முகாமில் பாயும் போர்வையும் கிடைக்குமா, கிடைத்தாலும் மலைக்காற்றின் குளிருக்கு அவை போதுமா? பெண்களுக்குத் தனி அறையும் கழிப்பறையும் உண்டா? முழங்கால் வலியுள்ள சித்தி மெதுவாகத்தான் நடப்பார் என்பதால், இருட்டுவதற்குள் முகாமை அடையக் காலையில் எத்தனை மணிக்குப் புறப்பட வேண்டும் என்பதையும், தாமதமாக வருபவர்களுக்கு இரவுக் கஞ்சி எடுத்துவைப்பார்களா என்பதையும் தெரிவித்தால் நலம். விதிமுறைகளை அலுவலகத்திலேயே கேட்டுக்கொள்வோம். அங்கே படுத்து எழுந்தவர்களின் அனுபவமே எங்களுக்கு வேண்டும். நீங்கள் எந்த மாதத்தில் சென்றீர்கள் என்பதையும் குறிப்பிட்டு எழுதுங்கள்.