ஐசியூ வாசலில் எட்டரை மணி

குழு: நம் வீடு

செவ்வாய்

நான், காலை 6:40
இரவு முழுக்க வெளியே உட்கார்ந்திருந்தேன். தனித்தனியாகப் போனில் சொல்லத் தெம்பில்லை, அதனால் எல்லோருக்கும் இங்கேயே எழுதிவிடுகிறேன். அப்பாவுக்கு நிமோனியா இரண்டு நுரையீரலிலும் பரவிவிட்டது. தொற்று உடம்பு முழுவதையும் பிடித்துக்கொண்டது, செப்சிஸ் என்கிறார்கள். 2 மணிக்கு மூச்சுக்குழாயில் டியூப் போட்டு வென்டிலேட்டரில் வைத்தார்கள். ரத்த அழுத்தம் தானாக நிற்கவில்லை, அதற்கும் மருந்து ஓடுகிறது. மயக்கத்தில் இருக்கிறார்.

அத்தை, 6:44
ஆண்டவரே, என் தம்பியைக் கைவிடாதேயும்.

அண்ணன், 6:51
கிளம்பிவிட்டேன். மதியத்துக்குள் வந்துவிடுவேன். அம்மா எங்கே?

நான், 6:53
பக்கத்தில்தான். கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறார். தூங்கவில்லை.

அக்கா, 7:05
எனக்கு வெள்ளிக்கிழமைதான் டியூட்டியிலிருந்து விடுப்பு. அதுவரை எனக்கு மூன்று விஷயம் மட்டும் கேட்டு அனுப்பு. வென்டிலேட்டரில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம், ரத்த அழுத்தத்தை நிறுத்தும் அந்த மருந்து (நார்அட்ரினலின்) கூடுகிறதா குறைகிறதா, சிறுநீர் மணிக்கு எவ்வளவு. மானிட்டரில் ஓடும் மற்றதைப் பார்த்துப் பயப்படாதே. விரலில் மாட்டிய கிளிப் நழுவினால்கூட அலாரம் அடிக்கும்.

நான், 7:21
ஆக்சிஜன் 80. மருந்து இரவில் இரண்டு முறை கூட்டினார்களாம். சிறுநீர் குறைவு.

அக்கா, 7:24
நாம் சுவாசிக்கும் காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம். அப்பாவுக்கு 80 தேவைப்படுகிறது. நிலைமை கடினம்தான். உங்களிடம் நான் எதையும் மறைக்க மாட்டேன்.

சித்தப்பா, 7:32
யாரும் அவநம்பிக்கையாகப் பேச வேண்டாம். அண்ணன் எழுந்து வருவார் என்று விசுவாசத்தோடு அறிக்கை செய்யுங்கள். சந்தேகம் ஜெபத்துக்குத் தடை. இன்றிலிருந்து இரவு எட்டரைக்கு அவரவர் இருக்கும் இடத்திலேயே எல்லோரும் ஜெபிப்போம் 🙏

அத்தை, 7:33
சரிப்பா 🙏

அம்மா, இரவு 8:30
ஆரம்பிக்கிறேன்.

புதன்

நான், காலை 11:10
அப்பாவைக் குப்புறப் படுக்க வைத்துவிட்டார்கள். ஐந்து பேர் சேர்ந்து, டியூப் ஒருவர் பிடித்துக்கொள்ள, எண்ணிக்கை சொல்லித் திருப்பினார்களாம். முகம் தெரியவில்லை. அம்மா பாதத்தைத் தொட்டுவிட்டு வந்தார். "கால் சூடாக இருக்கிறது" என்று மட்டும் சொன்னார்.

அத்தை, 11:14
ஐயோ, அப்படிப் படுத்தால் மூச்சு முட்டாதா?

அக்கா, 11:30
முட்டாது அத்தை. மல்லாந்து படுத்திருக்கும்போது நுரையீரலின் முதுகுப்பக்கம் அமுங்கிக் கிடக்கும். குப்புறப் போட்டால் அது விரியும். ஒரு நாளில் 16 மணி நேரமாவது இப்படி வைப்பார்கள். 2013-இல் பிரான்ஸ் மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வில், நுரையீரல் மிக மோசமாக இருந்தவர்களை இப்படிப் படுக்க வைத்தபோது 28 நாளுக்குள் இறந்தவர்கள் 16 சதவீதம். மல்லாந்தே இருந்தவர்களில் 32.8 சதவீதம்.

அத்தை, 11:33
நூறு பேரில் எண்பத்து நான்கு பேர் இருந்தார்கள் என்று சொல்லேன்மா.

அக்கா, 11:34
எண்பத்து நான்கு பேர் இருந்தார்கள் அத்தை.

அண்ணன், மாலை 5:15
ஆக்சிஜன் 80-லிருந்து 65.

சித்தப்பா, 5:16
ஸ்தோத்திரம்! ஜெபம் கேட்கப்பட்டது!

வியாழன்

நான், காலை 7:50
சிறுநீர் ஏறக்குறைய நின்றுவிட்டது. கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் அளவு ஏறுகிறது. டயாலிசிஸ் பற்றி நாளை பேச வேண்டுமாம்.

சித்தப்பா, 8:12
நேற்று நன்றாக வந்துகொண்டிருந்தது. நம்மில் யாருக்காவது விசுவாசக் குறைவு இருக்கிறதா என்று அவரவர் உள்ளத்தை ஆராய்ந்து பார்ப்போம்.

நான், 8:40
சித்தப்பா, அது நான்தான். சொல்லிவிடுகிறேன். இரண்டு நாளும் எட்டரைக்குக் கண்ணை மூடினேன், ஒரு வார்த்தையும் வரவில்லை. அந்த மெஷின் சத்தம்தான் கேட்டது. அப்பா பிழைப்பார் என்று அடித்துச் சொல்ல என்னால் முடியவில்லை. என்னால்தான் கிட்னி நின்றது என்றால் நான் என்ன செய்வது?

அண்ணன், 8:46
நீ ஒன்றும் செய்யவில்லை. செப்சிஸில் அழுத்தம் விழுந்தால் சீக்கிரம் அடிபடும் உறுப்புகளில் ஒன்று கிட்னி.

சித்தப்பா, கோபம் வேண்டாம், ஒன்று சொல்கிறேன். 2006-இல் அமெரிக்காவில் ஹெர்பர்ட் பென்சன் குழு 1,802 பைபாஸ் நோயாளிகளை மூன்று பிரிவாகப் பிரித்துப் பார்த்தது. தங்களுக்காக ஜெபம் நடக்கலாம், நடக்காமலும் போகலாம் என்று மட்டும் தெரிந்த இரண்டு பிரிவில், ஜெபம் நடந்தவர்களில் 52 சதவீதம் பேருக்குச் சிக்கல் வந்தது, நடக்காதவர்களில் 51. "உங்களுக்காக நிச்சயம் ஜெபிக்கிறோம்" என்று சொல்லி வைத்த மூன்றாவது பிரிவில் 59. ஜெபத்தை அளந்து பார்க்கப் போனால் கிடைப்பது இதுதான். அந்த அளவுகோலைத் தங்கச்சி மேல் வைக்காதீர்கள்.

அத்தை, 8:50
இந்த நேரத்தில் இது தேவையாப்பா?

அம்மா, 9:35
மெதுவாகத்தான் தட்ட வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெரியவனே, நீ சொன்ன கணக்கு இருக்கட்டும். நான் அதற்காக ஜெபிக்கவில்லை. உங்கள் அப்பா ராத்திரி இருமினால் எனக்கு விழிப்பு வந்துவிடும், இத்தனை வருஷமும் அப்படித்தான். இப்போது அவர் இருமுவதுகூட இல்லை. உள்ளே போய் நிற்க இவர்கள் தருவது கொஞ்ச நேரம். மிச்ச நேரம் முழுக்க நான் யாரிடம் பேசுவது? அதனால் ஆண்டவரிடம் பேசுகிறேன். அழுகிறேன். நேற்று சண்டையும் போட்டேன்.

தம்பி, உங்கள் அன்பு எனக்குத் தெரியும். ஆனால் சிலுவைக்கு முந்தின ராத்திரி கெத்செமனே தோட்டத்தில் இந்தப் பாத்திரம் நீங்கட்டும் என்று கேட்ட இயேசுவுக்கே அது நீங்கவில்லையே. அவருக்கா விசுவாசம் குறைவு?

சின்னவளே, உனக்கு வார்த்தை வராவிட்டால் என் பக்கத்தில் உட்கார். போதும்.

சித்தப்பா, 10:20
அண்ணி, மன்னித்துவிடுங்கள். பாப்பா, நீயும் மன்னிக்க வேண்டும். என்னைப் படிக்க வைத்தது அண்ணன். அவர் இல்லாமல் நான் இருந்ததே இல்லை. பயத்தில், யார் மேலாவது காரணத்தைப் போட்டால் கொஞ்சம் பிடி கிடைக்கும் என்று தேடியிருக்கிறேன் போலிருக்கிறது.

நான், 10:22
எனக்கும் அதே பயம்தான் சித்தப்பா.

வெள்ளி

அக்கா, மதியம் 1:40
வந்துவிட்டேன். கையைக் கழுவிவிட்டு உள்ளே போய்ப் பார்த்தேன். பழைய நோயாளிகளை எத்தனையோ முறை இப்படிப் பார்த்திருக்கிறேன், அப்பாவைப் பார்த்ததும் ஒரு நிமிடம் எந்த வயர் எது என்றே தெரியவில்லை.

நான், 4:25
மருத்துவர் எங்களை உட்காரவைத்து நாற்பது நிமிடம் பேசினார். வராதவர்களுக்காக எழுதுகிறேன், அண்ணனும் அக்காவும் விட்டதைச் சேர்க்கட்டும்.

முதலில் அவர் எங்களிடம் கேட்டது சிகிச்சையைப் பற்றி அல்ல. அப்பா எப்படிப்பட்ட மனிதர், இதையெல்லாம் அவரே கேட்டுக்கொண்டிருந்தால் என்ன சொல்லுவார் என்று. அம்மாதான் பதில் சொன்னார். "முயற்சி செய்யாமல் விட்டால் கோபப்படுவார். வீணாக இழுத்தாலும் கோபப்படுவார்."

அதனால் முடிவானது இது. 24 மணி நேரமும் மெதுவாக ஓடும் டயாலிசிஸ் தொடங்குகிறார்கள். ஐந்து நாள் பார்ப்பது, அப்புறம் மறுபடி உட்கார்ந்து பேசுவது. முன்னேற்றம் என்றால் தொடர்வது. ஒவ்வொரு உறுப்பாக விழுந்தால், வலியில்லாமல் பார்த்துக்கொள்வதே சிகிச்சை.

அத்தை, 4:31
அதற்கு ஒப்புக்கொண்டால் நாமே கைவிட்டது ஆகாதா?

அக்கா, 4:38
ஆகாது அத்தை. கெடு வைத்து முயற்சி செய்வது என்பதே முழு முயற்சிதான். இதயம் நின்றால் மார்பை அழுத்துவதா என்றும் கேட்டார். வேண்டாம் என்றாலும் மருந்து, வென்டிலேட்டர், டயாலிசிஸ் எதையும் குறைக்க மாட்டார்கள். இரண்டும் வேறு வேறு. நிறைய குடும்பங்கள் அதைச் சேர்த்துப் புரிந்துகொண்டு தவிப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

அத்தை, 4:40
உங்கள் அம்மா என்ன சொன்னார்?

அம்மா, 4:52
செவ்வாய் வரை எல்லாம் செய்யச் சொன்னேன் அக்கா. பிழைக்க வையும் என்றும் கேட்கிறேன், கூட்டிக்கொள்வதென்றால் நோகாமல் கூட்டிக்கொள்ளும் என்றும் கேட்கிறேன். இரண்டையும் ஒரே ஜெபத்தில் கேட்கக் கூடாது என்று யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

சனி

அக்கா, இரவு 11:50
யாராவது விழித்திருக்கிறீர்களா? அம்மா என் தோளில் தூங்கிவிட்டார், அசைய முடியவில்லை.

அண்ணன், 11:52
நான் இருக்கிறேன். பேசு.

அக்கா, 11:58
பயிற்சிக் காலத்தில் கேட்ட ஒரு கதை. 1952-இல் கோபன்ஹேகனில் போலியோ பரவி, மூச்சுத் தசை செயலிழந்தவர்கள் குவிந்தார்கள். மருத்துவமனையில் மூச்சு மெஷின் விரல்விட்டு எண்ணும் அளவுதான். பியோர்ன் இப்சன் என்ற மயக்க மருந்து நிபுணர், கழுத்தில் துளை போட்டு, குழாயில் ரப்பர் பை மாட்டி, கையால் அமுக்கிக் காற்றைச் செலுத்தச் சொன்னார். அமுக்கியது யார் தெரியுமா? மருத்துவ மாணவர்கள். சுமார் 1,500 பேர், முறை வைத்து, வாரக்கணக்கில், இரவும் பகலும். முன்பு பெரும்பாலோர் இறந்துகொண்டிருந்தார்கள். அதற்குப் பிறகு பெரும்பாலோர் பிழைத்தார்கள். ஐசியூ என்ற ஒன்றே அங்கேதான் பிறந்தது என்பார்கள்.

நான், ஞாயிறு அதிகாலை 12:04
அந்த மாணவர்கள் களைத்துப் போனால் நோயாளி?

அக்கா, 12:05
அடுத்தவர் வந்து பையை வாங்கிக்கொள்வார்.

நான், 12:11
இப்போது எட்டரைக்குக் கண்ணை மூடினால் எனக்கு இதுதான் வரும் என்று நினைக்கிறேன். அம்மா களைத்தால் நான், நான் களைத்தால் அத்தை. பை நிற்காமல் இருந்தால் சரி.

ஞாயிறு

நான், மாலை 6:20
நம் எதிரில் உட்கார்ந்திருந்த குடும்பம் ஞாபகம் இருக்கிறதா அண்ணா, அம்மாவுக்கு நாற்காலி விட்டுக்கொடுத்தவர்கள்? அவர்களுடைய அப்பா இறந்துவிட்டார். அந்தப் பெண் ஐந்து நாளும் எங்களைப் போலவே ஜெபித்தாள். எங்களை விட அதிகமாக. இன்று அப்பாவின் ஆக்சிஜன் 50 ஆனது, நார்அட்ரினலின் பாதியானது. நன்றி சொல்ல வாயைத் திறந்தால் அவள் முகம் வருகிறது.

அண்ணன், 6:29
நானும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அந்தப் பெண்ணின் கைப்பையை வண்டி வரை எடுத்துப்போய்க் கொடுத்தேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

சித்தப்பா, 7:02
முந்தைய நான் என்றால் உடனே ஏதாவது காரணம் சொல்லியிருப்பேன். இன்று என்னிடம் ஒன்றும் இல்லை. எட்டரைக்கு அந்தக் குடும்பத்துக்காக முதலில் ஜெபிப்போமா?

அம்மா, 7:03
ஆமாம் தம்பி.

செவ்வாய்

அக்கா, காலை 10:15
நார்அட்ரினலின் நேற்று இரவே நின்றுவிட்டது. ஆக்சிஜன் 40. சிறுநீர் லேசாக வர ஆரம்பித்திருக்கிறது. மறுபடி உட்கார்ந்து பேசினோம். தொடரலாம் என்றார் மருத்துவர். மயக்க மருந்தையும் நிறுத்திவிட்டார்கள்.

நான், 12:30
கண்ணைத் திறந்தார்! ஆனால் என்னைப் பார்க்கவில்லை, என்னைத் தாண்டிக் கூரையைப் பார்த்தார். டியூபைப் பிடுங்கப் போனார் என்று கையில் உறை போட்டிருக்கிறார்கள். அம்மா பெயர் சொல்லி அழைத்தார், திரும்பவில்லை.

வியாழன்

அண்ணன், காலை 11:45
30 நிமிடம் வென்டிலேட்டர் உதவியை மிகவும் குறைத்து, தானாக மூச்சுவிடச் செய்து பார்த்தார்கள். தாங்கினார். டியூப் எடுத்தாயிற்று! இனியும் தேவைப்பட்டால் திரும்பப் போடும் வாய்ப்பு உண்டு, இரண்டு நாள் கவனமாக இருக்க வேண்டும் என்கிறார்கள். டயாலிசிஸ் இன்னும் ஓடுகிறது.

அத்தை, 11:46
🙏🙏🙏 அழுகை நிற்கவில்லை

நான், மதியம் 2:10
பேசினார். குரல் கரகரத்து, காற்றாக வருகிறது. ரயில் கிளம்பிவிட்டது, பெட்டியை ஏன் இன்னும் கட்டவில்லை என்று என்னைத் திட்டினார். அம்மாவை "அக்கா" என்று கூப்பிட்டார். சுவரில் யாரோ நடக்கிறார்களாம். அக்கா, மூளைக்கு ஏதாவது ஆகிவிட்டதா?

அக்கா, 2:16
டெலிரியம், அதாவது தற்காலிக மனக்குழப்பம். வென்டிலேட்டரில் இருந்த மிகப் பலருக்கு வரும். பெரும்பாலும் நாட்களில், சிலருக்கு வாரங்களில் தெளியும். அவர் சொல்வதை மறுத்து வாதாட வேண்டாம். இன்று என்ன கிழமை, எங்கே இருக்கிறார், நாம் யார் என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே இருங்கள்.

சித்தப்பா, 2:20
அண்ணி, உங்களையே தெரியவில்லை என்றால் மனசு எப்படித் தாங்குகிறது?

அம்மா, 2:41
என்னைத் தெரியாவிட்டால் என்ன, எனக்கு அவரைத் தெரிகிறதே. ரயிலுக்கு இன்னும் நேரம் இருக்கிறது, நீங்கள் தூங்குங்கள், நான் எழுப்புகிறேன் என்று சொன்னேன். கையைப் பிடித்துக்கொண்டு தூங்கிவிட்டார். இப்போது கையை எடுக்க முடியாது, எட்டரைக்கு நீங்களே ஆரம்பித்துவிடுங்கள்.

நான், 2:43
நான் ஆரம்பிக்கிறேன் அம்மா.

அக்கா, 2:50
சின்னவளே, அதற்கு முன்னால் வீட்டுக்கு ஒருமுறை போய் வா. அப்பாவின் மூக்குக்கண்ணாடி, காதுக்கருவி இரண்டையும் கொண்டுவா. சரியாகக் கேட்காமல், மங்கலாகப் பார்த்துக்கொண்டிருந்தால் குழப்பம் கூடும். கருவியின் பேட்டரியை மறந்துவிடாதே, மேஜையின் இரண்டாவது இழுப்பறையில் இருக்கும்.