அலுமினியத்தில் ஓட்டை இறங்கவில்லை, அவசரம்

மஸ்கெலியாத் தம்பி:
வணக்கம். கை டிரில்லால் அலுமினியப் பட்டையில் ஓட்டை போடுகிறேன். பிட் சுற்றுகிறது, ஆனால் பாதிக்கு மேல் இறங்கவே மாட்டேன் என்கிறது. இரண்டு பிட் வீணாகிவிட்டது. மரக்கறிக் கூடாரத்துக்கு நாளைக்குள் ஜன்னல் சட்டம் மாட்ட வேண்டும். என்ன செய்யலாம்?

பண்டாரவளை ராணி:
தம்பி, பட்டை எத்தனை மில்லிமீட்டர்? ஓட்டை எவ்வளவு? என்ன பிட்?

லிந்துலை லேத்:
இதையெல்லாம் சொல்லாமல் கேட்டால் யார்தான் பதில் சொல்வது? பெக்டரி வேர்க்‌ஷொப்பில் 22 வருடம் இருந்தவன் சொல்கிறேன். அலுமினியம் சூட்டில் இளகிப் பிட்டின் பள்ளத்தில் அப்பிக்கொள்ளும். முதலில் அடிப்படையைப் படித்துவிட்டு மெஷினைத் தொடுங்கள்.

ஹட்டன் வெல்டர்:
ஸ்பீட்தான் காரணம். குறைத்துப் பாருங்கள்.

லிந்துலை லேத்:
தவறு. நல்ல 6 மி.மீ. பிட்டை அலுமினியத்தில் நிமிடத்துக்கு 3000 சுற்று வரை தாராளமாக ஓட்டலாம். எண்ணெய் இல்லாததுதான் குறை. மண்ணெண்ணெய் விடுங்கள்.

பண்டாரவளை ராணி:
லயத்தில், தோட்டத்து வரிசை வீட்டில், மண்ணெண்ணெய் வேண்டவே வேண்டாம் அண்ணே. கை டிரில்லின் மோட்டாருக்குள் பொறி பறக்கும். ஒரு வீட்டில் பிடித்தால் கூரை வழியே வரிசை முழுக்கப் போய்விடும். தேங்காய் எண்ணெய் போதும்.

லிந்துலை லேத்:
நாலு சொட்டுக்கு எங்கே தீப்பிடிக்கும்? நாங்கள் காலமெல்லாம் அதைத்தான் விட்டோம்.

பண்டாரவளை ராணி:
நீங்கள் விட்டது பெக்டரியில். அவர் குழந்தைகள் படுக்கும் அறையில் நின்று துளைக்கிறாரோ என்னவோ.

ஹட்டன் வெல்டர்:
தேங்காய் எண்ணெய் இந்தக் குளிருக்குப் போத்தலுக்குள்ளேயே உறைந்துவிடுமே!

மஸ்கெலியாத் தம்பி:
5 மி.மீ. பட்டை, 6 மி.மீ. ஓட்டை. பிட் வீட்டில் இருந்தது. நுனியில் அம்புத்தலை மாதிரி தனித் துண்டு ஒன்று ஒட்டவைத்திருக்கிறது.

பண்டாரவளை ராணி:
அதுதான் விஷயம்! அது சுவர் பிட். கல்லைத் தட்டி உடைக்கும், உலோகத்தை வெட்டாது, தேய்த்துச் சூடாக்கும். கடையில் உலோகம் வெட்டும் பிட், எச்.எஸ்.எஸ். என்று கேட்டு 3 மி.மீ., 6 மி.மீ. இரண்டும் வாங்குங்கள். டிரில்லில் சுத்தியல் படம் போட்ட சுவிட்ச் இருந்தால் அணைத்துவிடுங்கள். சென்டர் பன்ச்சால், அதாவது கூர்முனை இரும்புக் குச்சியால், ஒரு குழி தட்டி, அடியில் பலகை வைத்து, பட்டையைக் கிளாம்ப்பில் இறுக்குங்கள். கையால் பிடிக்காதீர்கள், மறுபக்கம் உடைத்துக்கொண்டு வரும்போது பட்டை சுழன்று விரலை வெட்டிவிடும். 3 போட்டு அப்புறம் 6. அடிக்கடி மேலே தூக்கிச் சுருளைத் தட்டிவிடுங்கள்.

லிந்துலை லேத்:
சுவர் பிட் என்று முதலிலேயே சொல்லியிருந்தால் இவ்வளவு பேச்சே வந்திருக்காது.

மஸ்கெலியாத் தம்பி:
எட்டு ஓட்டையும் விழுந்துவிட்டது. தேங்காய் எண்ணெய் உறைந்துதான் இருந்தது, விரலால் வழித்துப் பிட் நுனியில் அப்பினேன். சுருள் நீளமாக, பளபளவென்று வந்தது. நன்றி அக்கா.