ஷின்புட்சு-ஷூகோ: 'கலப்பு' வேண்டாம், 'உடனுறைவு' சரிவருமா?

அனைவருக்கும் வணக்கம்.

ஜப்பானின் பழைய சமயமான ஷிந்தோவின் தெய்வங்களையும் புத்தரையும் சேர்த்துக் கும்பிடும் ஜப்பானியரின் நெடுநாள் வழக்கம்தான் ஷின்புட்சு-ஷூகோ. இதற்குத் தமிழில் 'சமயக் கலப்பு' என்று நேற்று ஐயா ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு அது ஒட்டவில்லை. பாலில் தண்ணீர் கலந்துவிட்டால் எது பால், எது தண்ணீர் என்று காட்ட முடியாது. நான் அங்கே பார்த்தது அப்படி இல்லை.

டோக்கியோவின் அசகுசாவில் சென்சோஜி விகாரை இருக்கிறது. 628இல் சுமிதா ஆற்றில் மீன் பிடித்த அண்ணன் தம்பி வலையில் கன்னோன் சிலை சிக்கியதாம். கன்னோன் என்பது பௌத்தத்தில் கருணை வடிவாக நாம் அறிந்த அவலோகிதர்தான். அந்தச் சிலைக்கு எழுந்தது விகாரை. சிலையை எடுத்த இருவரும், அதை வைத்து வணங்கிய ஊர்ப் பெரியவரும் பக்கத்து அசகுசா கோயிலில் ஷிந்தோ தெய்வங்கள்! இரண்டுக்கும் நடுவே கொஞ்சம் நடைதான். ஆனால் விகாரையில் சத்தமில்லாமல் கைகூப்பிய பாட்டி, கோயிலுக்கு வந்ததும் இரண்டு முறை குனிந்து, இரண்டு முறை கைதட்டி, மறுபடி ஒருமுறை குனிந்தார்.

வீட்டிலும் இப்படித்தான். ஷிந்தோ தெய்வத்துக்கு உயரத்தில் ஒரு மாடம், புத்தருக்கும் முன்னோருக்கும் தனிப் பேழை. வீட்டில் சாவு விழுந்தால் மாடத்தின் முன்புறத்தை வெள்ளைத் தாளால் மறைத்துவிடுவார்கள், தீட்டு அண்டக்கூடாதென்று. பேழை முன் ஊதுவத்தி எரியும்.

அதனால் 'உடனுறைவு' என்கிறேன். 'மீனாட்சி உடனுறை சுந்தரேசுவரர்' என்று கோயில் பத்திரிகையில் படித்துப் பழகிய சொல். கணவன் மனைவி என்ற பொருள் வந்துவிடாதா என்று கேட்பீர்கள். பெயருக்கு நடுவே 'உடனுறை' வந்தால் அப்படித்தான்; 'உடனுறைவு' என்று பெயர்ச்சொல்லாக நின்றால் ஓரிடத்தில் சேர்ந்திருத்தல் என்ற பொருளே முன்நிற்கும்.

இன்னொரு வசதியும் உண்டு. 1868இல் மெய்ஜி அரசு இரண்டையும் பிரிக்க ஆணையிட்டது. அதன் பெயர் ஷின்புட்சு-புன்ரி. கமாகுரா நகரில் ஹச்சிமான் என்ற ஷிந்தோ தெய்வத்தின் கோயில் வளாகத்தில் இருந்த புத்த மண்டபங்கள் அப்போது இடிபட்டன. கலந்தவை என்றால் பிரிப்பதைச் சொல்லவே நாக்கு தடுமாறும். உடனுறைந்தவை என்றால் 'பிரித்துவைப்பு' தானாக வந்து நிற்கிறது, அந்த வலியோடு.

அப்புறம், ஷிந்தோ தெய்வத்தைக் 'காமி' என்று எழுதுவதைத் தயவுசெய்து விட்டுவிடுவோம். தமிழில் அதன் பொருள் வேறு. ஜப்பானிய ஒலிப்பும் குறில்தான்: 'கமி'.